31 காட்டுச்சுண்ணா

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. பாதி டெக்னிக்கல், பாதி சொந்தக் கதை. டெக்னிக்கல் பிடிக்காதவங்க நடுவுல கொஞ்சம் வேகமா தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :)

நமக்குப் பொழப்பு பொட்டி தட்டுறது. 2018ல வேலைக்குச் சேர்ந்ததும் முதல் மாச சம்பளத்துல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். வந்த அன்னிக்கே விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டாச்சு. அதுலயும் சாதாரணமா எல்லாரும் போடுற டெஸ்க்டாப் இல்ல, ஐ3ன்னு ஒரு விண்டோ மேனேஜர். ஐகான் கிடையாது, மெனு கிடையாது. கறுப்புத் திரை, கீழ ஒரு கோடு மாதிரி ஸ்டேட்டஸ் பார், அவ்ளோதான். ரூம்மேட் எட்டிப் பாத்து "என்னடா, எதையாவது ஹேக் பண்றியா"ன்னு கேப்பான். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்.

இந்த மாதிரி மொட்டையா ஒரு சிஸ்டம் வெச்சுக்கிட்டா ஒரு சங்கடம் இருக்கு. க்னோம், கேடிஇ மாதிரி முழு டெஸ்க்டாப்ல பேட்டரி குறைஞ்சா அதுவே எச்சரிக்கை காட்டும், ரொம்பக் குறைஞ்சா அதுவே தூங்கப் போயிடும். ஐ3 அதெல்லாம் செய்யாது. "உனக்கு வேணும்னா நீயே எழுதிக்கோ"ன்னு விட்டுடும். நானும் பெருமையா எழுதிக்கிட்டேன். ஆறு வரி ஷெல் ஸ்க்ரிப்ட். பேட்டரி சதவீதத்தைப் படிச்சு கீழ பார்ல ஒரு நம்பரா காட்டும். 15க்கு கீழ போனா நம்பர் சிவப்பாகும். சத்தம் கித்தம் எதுவும் இல்ல. எனக்கு அது போதும். கண்ணு தானா அங்க போய்ப் பழகிடுச்சு.

2022ல ஆபீஸ்ல புது லேப்டாப் குடுத்தாங்க. பழசை ஊருக்கு எடுத்துட்டுப் போய் தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன். எங்க ஊரு ஆத்தூர் பக்கத்துல ஒரு கிராமம், சேலம் மாவட்டம். அவ என்னை விட 9 வயசு சின்னவ. நான் ப்ளஸ் டூ படிச்சப்ப அரசாங்க லேப்டாப் கெடச்சது, அதுலதான் நான் லினக்ஸையே முதல்ல பாத்தேன். அவ ப்ளஸ் டூ வந்தப்ப அந்தத் திட்டம் நின்னு போயிருந்தது. சரி, நம்ம பொட்டி இருக்கேன்னு குடுத்தது.

குடுக்கும்போது சொன்னேன், "பாப்பா, கீழ ஓரத்துல நம்பர் இருக்கு பாரு. அது 15க்கு கீழ போனா சார்ஜர் போட்டுடு."

"போன் மாதிரி சத்தம் போடாதாண்ணா?"

"அதெல்லாம் எதுக்கு? பாத்துக்கிட்டா போதும்."

இந்த பதிலை ஞாபகம் வெச்சுக்கோங்க மக்களே.

இன்னொண்ணும் இங்கயே ஒத்துக்கிறேன். அந்தப் பொட்டி என்கிட்ட இருந்தப்பவே ரெண்டு தடவை 20 சொச்சத்துல பட்டுன்னு அணைஞ்சிருக்கு. நான் எப்பவும் சார்ஜரைச் சொருகியே வெச்சிருக்கிற ஆளு. அதனால பெருசா எடுத்துக்கல. அவகிட்ட சொல்லவும் இல்ல. மறைக்கணும்னு இல்ல, தோணவே இல்ல.

2023 ஆகஸ்ட். டிஎன்இஏ கவுன்சிலிங், அவளுக்கு ரெண்டாவது ரவுண்டு. நான் படிச்ச காலத்துல அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேர்ல போய் பெரிய திரை முன்னாடி உக்காந்து சீட் எடுத்தோம். 2018லேர்ந்து எல்லாம் ஆன்லைன். நமக்கு வேணுங்கிற காலேஜ், பிராஞ்ச் எல்லாத்தையும் பிடிச்ச வரிசையில ஏத்தி, குறிச்ச நேரத்துக்குள்ள லாக் பண்ணிடணும். வரிசைதான் எல்லாமே. மேல இருக்கிறதுலேர்ந்து பாத்துக்கிட்டே வந்து, நம்ம ரேங்குக்கு எது கெடைக்குதோ அதைக் குடுக்கும். லிஸ்ட்ல இல்லாத காலேஜ் எவ்ளோ காலியா இருந்தாலும் நமக்கு இல்ல.

அவ ரெண்டு ராத்திரி உக்காந்து பழைய வருஷ கட்-ஆஃப் எல்லாம் பாத்து லிப்ரே ஆபீஸ்ல 74 வரி லிஸ்ட் போட்டு வெச்சிருந்தா. கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி அம்மா போன்ல சொன்னாங்க, "நாளைக்கு கரண்ட் கிடையாதாம் தம்பி. மாசாந்திர பராமரிப்புன்னு பேப்பர்ல போட்டிருக்கான். காலைல 9 மணிக்குப் போனா சாயங்காலம்தான் வருமாம்."

நான் அசால்ட்டா சொன்னேன், "ராத்திரியே ஃபுல்லா சார்ஜ் போட்டு வெக்கச் சொல்லும்மா. மூணு மணி நேரம் தாங்கும்."

மதியம் பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சிருக்கா. போன் ஹாட்ஸ்பாட்ல நெட். ஒரு தடவை ஃபுல்லா சரிபாத்து, வரிசையை மாத்தி, அப்புறம் ஏத்த ஆரம்பிச்சு பாதி வந்திருக்கா. ரெண்டே முக்காலுக்கு முன்னாடி பொட்டி அணைஞ்சு போச்சு. நான் அப்ப ஒரு மீட்டிங்ல இருந்தேன். மூணு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டப்ப அவ அழல. மூச்சு வாங்கிக்கிட்டே ஒண்ணே ஒண்ணு சொன்னா.

"31 காட்டுச்சுண்ணா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அப்பா டிவிஎஸ்ல ஏத்திக்கிட்டு ஆத்தூருக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு பிரவுசிங் சென்டர்ல இன்வெர்ட்டர் இருந்தது. லிஸ்ட் லேப்டாப்புக்குள்ள மாட்டிக்கிச்சு, அதனால ஞாபகத்துலேர்ந்து முதல்லேர்ந்து ஏத்தினா. நான் போன்ல இருந்தேன், ஆனா எனக்கு அந்த லிஸ்ட்ல ஒரு வரி கூடத் தெரியாது. நாலரைக்கு மேல லாக் பண்ணியாச்சு. அப்பாடான்னு இருந்தது.

சாயங்காலம் கரண்ட் வந்து பொட்டியைப் போட்டதும் லிப்ரே ஆபீஸ் "மீட்டெடுக்கட்டுமா"ன்னு கேட்டு 74 வரியையும் பத்திரமா திருப்பிக் குடுத்திருக்கு. அவ ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. கீழ எதுவும் எழுதல.

அலாட்மென்ட்ல அவளுக்கு லிஸ்ட்ல 19வதா ஏத்தினது கெடச்சது. நல்ல காலேஜ்தான், குறை சொல்ல முடியாது. ஆனா வீட்லேர்ந்து ரொம்பத் தூரம், ஹாஸ்டல்தான். அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனப்ப பழைய லிஸ்ட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். பழசுல 14வதா இருந்த ஒண்ணு புதுசுல இல்லவே இல்ல. அவசரத்துல விட்டுட்டா. பஸ்ல போய்ட்டு வர்ற தூரத்துல இருக்கிற காலேஜ், அவ கேட்ட அதே இசிஇ. அலாட்மென்ட் லிஸ்ட்டைத் தேடிப் பாத்தா, அந்த ரவுண்டுல இவளுக்குப் பின்னாடி ரேங்க் வாங்கின ஒருத்தருக்கு அந்த சீட் போயிருக்கு.

"தெரியும்ணா, நானும் பாத்தேன்"னா. அவ்ளோதான். அதுக்கு மேல பேசல. அம்மாகிட்ட அவ சொல்லல. நானும் இன்னிவரைக்கும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. பொட்டியை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். இனிமே டெக்னிக்கல்.

லினக்ஸ்ல பேட்டரி பத்தின எல்லாமே ஃபைலாத்தான் இருக்கும். /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/ங்கிற டைரக்டரிக்குள்ள பேட்0ன்னு ஒண்ணு இருக்கும் (சில பொட்டியில பேட்1). அதுக்குள்ள கெபாசிட்டின்னு ஒரு ஃபைல். 'கேட்' போட்டுப் பாத்தா 31ன்னு ஒரு நம்பர் வரும். என் ஆறு வரி ஸ்க்ரிப்ட் இதை மட்டும்தான் படிச்சது. ஆனா பக்கத்துலயே இன்னும் நாலஞ்சு ஃபைல் உக்காந்திருக்கு. இத்தனை வருஷத்துல நான் திறந்தே பாக்காத ஃபைல்கள்.

எனர்ஜி_ஃபுல்_டிசைன்: பேட்டரி புதுசா இருந்தப்ப எவ்ளோ பிடிக்கும். எனர்ஜி_ஃபுல்: இப்ப எவ்ளோ பிடிக்கும்னு பேட்டரியோட கேஜ் நெனச்சுக்கிட்டு இருக்கு. எனர்ஜி_நவ்: இப்ப எவ்ளோ இருக்கு. பவர்_நவ்: எவ்ளோ வேகத்துல செலவாகுது. வோல்டேஜ்_நவ்: மின்னழுத்தம். எல்லாமே மைக்ரோ கணக்குல இருக்கும், அதனால ஆறு சைபரை வெட்டிப் படிக்கணும். சில பொட்டியில எனர்ஜிக்குப் பதிலா சார்ஜ்_ஃபுல், சார்ஜ்_நவ்னு ஆம்பியர்-ஹவர் கணக்குல இருக்கும், ஸ்க்ரிப்ட் எழுதுறவங்க ரெண்டையும் பாத்துக்கணும்.

நம்ம பொட்டியில டிசைன் 47 வாட்-ஹவர். ஃபுல் 39ன்னு சொல்லுச்சு. அஞ்சாறு வருஷ பேட்டரிக்குப் பரவாயில்லையேன்னு தோணும். சந்தேகத்துல ஒரு லாக் ஸ்க்ரிப்ட் எழுதினேன். 30 செகண்டுக்கு ஒரு தடவை நேரம், சதவீதம், வோல்டேஜ், பவர் நாலையும் ஒரு ஃபைல்ல ஒரு வரியா எழுதும். எழுதின உடனே 'சிங்க்' கட்டளை குடுக்கணும். இல்லேன்னா பொட்டி செத்துப் போற கடைசி நிமிஷம் டிஸ்க்குக்கே போய்ச் சேராது. நமக்கு வேண்டியதே அந்தக் கடைசி நிமிஷம்தான். ஃபுல் சார்ஜ் போட்டு, சார்ஜரைப் பிடுங்கி, பிரவுசரைத் திறந்து வெச்சுட்டு, சாகட்டும்னு விட்டேன்.

செத்துது. 30ல.

லாகைத் திறந்து 'ஆக்'ல கூட்டிப் பாத்தேன். 39 இருக்குன்னு சொன்ன பேட்டரி கையில குடுத்தது 27 சொச்சம்தான். மூணு மணி நேரம் தாங்கும்னு நான் சொன்னது அந்த 39ஐ நம்பி. நெஜம் ரெண்டே கால் மணி நேரம். அவ உக்காந்த நேரத்துக்கு அப்படியே பொருந்துது.

வோல்டேஜைப் பாத்தா இன்னும் தெளிவு. பேட்டரிக்குள்ள செல்லுகள் வரிசையா கோத்திருக்கும். நம்மளுது மூணு வரிசை. ஒரு லித்தியம் அயான் செல் ஃபுல்லா 4.2 வோல்ட், காலியாகும்போது 3க்குப் பக்கம். மூணும் சேந்தா 12.6லேர்ந்து சுமார் 9 வரைக்கும். கடைசி ஒரு நிமிஷத்துல 10.8ல இருந்தது மடமடன்னு 9.3க்கு விழுந்திருக்கு. மூணுல ஒண்ணு கிழடாகிப் போயிருந்தா மத்த ரெண்டுகிட்ட சரக்கு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. கிழடு அடிமட்டத்தைத் தொட்டதும் உள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் துண்டிச்சுடும். பாவம், கேஜ் வேணும்னு பொய் சொல்லல. உள்ள எவ்ளோ போச்சு, வெளிய எவ்ளோ வந்துச்சுன்னு கணக்கு வெச்சுதான் அது சதவீதம் சொல்லுது. நான் எப்பவும் சார்ஜர்லயே போட்டு வெச்சிருந்ததால பேட்டரி முழுசா காலியாகி நெறைஞ்சு அது பாத்ததே இல்ல. பழைய கணக்கையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஃபுல்லா ஏத்தி, முழுசா இறக்கி, மறுபடி ஏத்தினேன். ரெண்டு தடவை. ஃபுல் 39லேர்ந்து 28க்கு இறங்குச்சு. இப்பதான் சதவீதம் நெஜத்தைச் சொல்லுது. இதை நான் பொட்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சனி ஞாயிறுல செஞ்சிருக்கலாம். செலவு பைசா கிடையாது.

அடுத்தது எச்சரிக்கை ஸ்க்ரிப்ட். இதுல நான் விழுந்த குழியெல்லாம் சொல்லிடறேன், உங்களுக்கு உபயோகப்படும்.

முதல் குழி, க்ரான். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடட்டும்னு க்ரான்ல போட்டேன். டெர்மினல்ல ஓட்டினா எச்சரிக்கை அழகா வருது, க்ரான்ல போட்டா ஒண்ணுமே வரல. எர்ரரும் கண்ணுல படல. ஒரு மணி நேரம் மண்டைய ஒடச்ச பிறகுதான் உறைச்சது. எந்தத் திரையில காட்டணும்னு க்ரானுக்குத் தெரியாது. டிஸ்ப்ளே, டி-பஸ் முகவரி ரெண்டுமே நாம லாகின் பண்ணின சூழல்ல இருக்கிற விஷயம், க்ரான் தனி சூழல்ல ஓடுது. சுத்தமான வழி, சிஸ்டம்டில யூசர் டைமரா போடுறது. இல்லேன்னா ஐ3 ஆரம்பிக்கும்போதே ஸ்க்ரிப்ட்டைக் கிளப்பி விட்டு, உள்ள ஒரு லூப்பும் 60 செகண்ட் ஸ்லீப்பும் வெக்கிறது. நான் ரெண்டாவது. சாதாரணமா ஓடுது.

ரெண்டாவது, ஸ்டேட்டஸ் ஃபைல். சார்ஜிங், டிஸ்சார்ஜிங், ஃபுல்னு மூணுதான் வரும்னு நெனச்சேன். 'நாட் சார்ஜிங்', 'அன்நோன்'னும் வரும். "சார்ஜிங் இல்லேன்னா கத்து"ன்னு எழுதினா சார்ஜர் போட்டிருக்கும்போதே கத்தும். "டிஸ்சார்ஜிங்னா மட்டும் கத்து"ன்னு எழுதணும்.

மூணாவது, திரும்பத் திரும்பக் கத்தக் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தினா பக்கத்து வீட்டு கார் அலாரம் மாதிரி ஆயிடும், யாரும் எழுந்து பாக்க மாட்டாங்க. 30ல ஒரு தடவை, 20ல ஒரு தடவை. சொல்லியாச்சுன்னா ஒரு சின்ன ஃபைலை உருவாக்கி வெச்சுடும், சார்ஜர் சொருகினதும் அழிச்சுடும். சதவீதம் எவ்ளோ இருந்தாலும் சரி, வோல்டேஜ் 10.2க்குக் கீழ போனா உடனே சொல்லிடும். இதுதான் முக்கியம். சதவீதம் ஒரு கணிப்பு, வோல்டேஜ் ஒரு அளவு.

நாலாவது, 10 சதவீதத்துல பொட்டியே ஹைபர்நேட் ஆயிடணும். வெறும் சஸ்பெண்ட் போதாது. சஸ்பெண்ட்ல எல்லாம் ரேம்லதான் இருக்கும், பேட்டரி செத்தா அதுவும் போச்சு. ஹைபர்நேட் டிஸ்க்குல எழுதி வெச்சுட்டுத் தூங்கும். அதுக்கு ஸ்வாப் இடம் போதுமான அளவு இருக்கணும். நான் முன்னாடி 'எதுக்கு வேஸ்ட்'னு ஸ்வாப்பே வெக்கல (கெட்டிக்காரன்!). புதுசா ஒதுக்கினேன்.

கடைசியா சத்தம். இ-ஸ்பீக் என்ஜின்னு ஒரு மென்பொருள், எழுத்தைப் படிச்சுக் காட்டும். தமிழும் பேசும். ரோபோ ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கும், ஆனா புரியும். ஸ்பீக்கர் மியூட்ல இருந்தா முதல்ல அதை எடுத்துட்டு, "சார்ஜர் போடு"ன்னு ரெண்டு தடவை சொல்ல வெச்சேன். சோதனை பண்ணிக்கிட்டு இருந்தப்ப அம்மா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்து, "யாருடா அது, ஆம்பளை குரல்?"னு கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னதும், "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டும் தெரியாம அவங்க பாட்டுக்குச் சொன்னது. எனக்குத்தான் எங்கயோ குத்துச்சு.

மேக் வெச்சிருக்கிறவங்க, பிஎஸ்டி ஆளுங்க கோச்சுக்காதீங்க. மேக்ல பிஎம்செட், ஓப்பன்பிஎஸ்டில ஏபிஎம், ஃப்ரீபிஎஸ்டில சிஸ்கன்ட்ரோல் மூலமா பேட்டரி சதவீதத்தை எடுக்கலாம். ஃபைல் படிக்கிற இடத்துல கட்டளையைப் போட்டா போதும், மத்த யோசனை அதேதான்.

யோசிச்சுப் பாத்தா, என் பழைய ஆறு வரியில பக் எதுவும் இல்ல. அது எனக்காக எழுதினது. சார்ஜர் பக்கத்துலயே இருக்கிற, கீழ ஓரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கிற, 20ல அணைஞ்சா தோளைக் குலுக்கிட்டுப் போற ஆளுக்காக. அதை அப்படியே தூக்கி, வேலை மும்முரத்துல ஒரே நம்பரை நம்பி உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட குடுத்தேன். "போன் மாதிரி சத்தம் போடாதா"ன்னு அவ கேட்டது ஒரு யூசரோட நியாயமான கேள்வி. ஆபீஸ்ல கிளையன்ட் கேட்டிருந்தா உடனே டிக்கெட் போட்டு மூணு பேர் உக்காந்து பேசியிருப்போம். கேட்டது தங்கச்சிங்கிறதால "அதெல்லாம் எதுக்கு"ன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் புது பேட்டரியும் வாங்கிப் போட்டாச்சு, ரெண்டாயிரத்துச் சொச்சம். அது சீக்கிரம் கிழடாகாம இருக்க சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்டுங்கிற ஃபைல்ல 80ன்னு எழுதி வெச்சேன். எல்லா பொட்டியிலயும் இது இருக்காது, இருந்தா விடாதீங்க. 80லயே சார்ஜ் ஏறுறது நின்னுடும். எப்பவும் 100ல, அதுவும் சூட்டுல, வெச்சிருக்கிறதுதான் லித்தியம் பேட்டரிக்கு ஆகாத விஷயம்.

போன தீபாவளிக்கு அவ ஹாஸ்டல்லேர்ந்து லேப்டாப்போட வந்திருந்தா. ஸ்க்ரிப்ட் எந்த நிலையில இருக்குன்னு திறந்து பாத்தேன். ஏகப்பட்ட மாத்தம் பண்ணியிருக்கா. சதவீதத்தைத் தூக்கிட்டு எத்தனை நிமிஷம் மிச்சம்னு காட்டுது. மாசம் ஒரு தடவை ஃபுல்லை டிசைனால வகுத்து ஒரு ஃபைல்ல குறிச்சு வெக்குது. பரீட்சை வாரத்துல 80ஐ 100 ஆக்கறதுக்குத் தனியா ஒரு கட்டளை. என்னோடதை விட நல்லா எழுதியிருக்கா, சொல்லியே ஆகணும்.

பேசற வரியையும் மாத்தியிருக்கா. நான் இருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்து, கேட்டேன். ஜலதோஷம் பிடிச்ச அந்த ரோபோ குரல்ல பொட்டி சொல்லுச்சு:

"அண்ணன் சொன்னா நம்பாத. சார்ஜர் போடு."

ரெண்டு பேரும் சிரிச்சோம். வரியை மாத்தச் சொல்லி நான் கேக்கல.

டிஸ்கி: வீட்ல யாருக்காவது உங்க பழைய பொட்டியைக் குடுத்திருந்தா, இந்த வாரம் எனர்ஜி_ஃபுல்லையும் டிசைனையும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. உங்க ஊர் பொட்டி எவ்ளோ காட்டுதுன்னு வந்து சொல்லுங்க :)